பழைய எஃப்-150 உதறுகிறதா? அறிகுறி பார்த்து ப்ளக் மாற்றுவது எப்படி

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் தேடுகிற நம்மவர்கள் பலர் கடைசியில் ஒரு ஃபோர்டு எஃப்-150 முன்னால்தான் வந்து நிற்கிறார்கள். விலை படியும், உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், டிரெய்லர் இழுக்கவும் தெம்பு உண்டு. நானும் டெக்சாஸில் ஒரு 2006 வண்டியை அப்படித்தான் வாங்கினேன். ஓடோமீட்டரில் 1,12,000 மைல். ஸ்பார்க் ப்ளக், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தரும் பாகம், எப்போது மாற்றியது என்று கேட்டதற்கு விற்றவரிடம் பதில் இல்லை.

பதில் இல்லாவிட்டால் மற்ற வண்டிகளில் கவலைப்படத் தேவையில்லை. எட்டு ப்ளக் வாங்கி ஒரு சனிக்கிழமை காலையில் மாட்டிவிடலாம். 2004 முதல் 2008 வரை வந்த எஃப்-150-இல், 5.4 லிட்டர் ட்ரைட்டன் மூன்று வால்வு வி8 இன்ஜின் இருந்தால் கதையே வேறு. கழற்றும்போது ப்ளக் இரண்டாகப் பிரிந்து, கீழ்ப்பாதி சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதி) மாட்டிக்கொள்ளும். அதனால் ராட்செட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே, கோளாறு ப்ளக்கில்தான் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதை அறிகுறிவாரியாக எழுதுகிறேன்.

எந்த இன்ஜின் என்று முதலில் பாருங்கள்

ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடியின் கீழ் மூலையில் 17 எழுத்துள்ள வண்டி அடையாள எண் தெரியும். அதில் எட்டாவது இடத்தில் 5 என்று இருந்தால், இங்கே பேசப்போகிற 5.4 லிட்டர் மூன்று வால்வு இன்ஜின். 2004-இல் ஹெரிட்டேஜ் என்ற பெயரில் பழைய உடலோடும் எஃப்-150 விற்றார்கள். அதில் இருப்பது பழைய இரண்டு வால்வு இன்ஜின். அதன் நோய் வேறு, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இதே மூன்று வால்வு இன்ஜின் அந்தக் கால எக்ஸ்பெடிஷன், லிங்கன் நேவிகேட்டர், எஃப்-250 வண்டிகளிலும் உண்டு. கழற்றும் முறை அவற்றுக்கும் பொருந்தும். 2007 இறுதிக்குப் பின் தயாரான இன்ஜின்களில் சிலிண்டர் ஹெட்டையும் ப்ளக்கையும் மாற்றிவிட்டார்கள். பழையதற்குப் புதியதும் புதியதற்குப் பழையதும் பொருந்தாது. எனவே 2008 வண்டி வைத்திருப்பவர்கள் வருடத்தைச் சொல்லி ப்ளக் வாங்காமல், அடையாள எண்ணைக் கொடுத்து வாங்குங்கள்.

சிலிண்டர் எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். பயணி பக்கம் முன்னாலிருந்து பின்னுக்கு 1, 2, 3, 4. ஓட்டுநர் பக்கம் அதேபோல் 5, 6, 7, 8. கோளாறை இன்ஜின் கணினி ஒரு குறியீட்டு எண்ணாக, அதாவது கோடாக (code), சொல்லும். கோடு பி0300 வந்தால் எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ் ஃபயர், அதாவது பெட்ரோல் எரியத் தவறுவது. பி0301 முதல் பி0308 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சின்ன ஸ்கேனர் ஒன்றை மாட்டினால் இது தெரிந்துவிடும்.

அறிகுறி: 45 மைல் வேகத்தில், லேசான ஏற்றத்தில் வண்டி உதறுகிறது

இந்த வண்டிகளில் எல்லோரையும் ஏமாற்றுகிற அறிகுறி இதுதான். நின்றபடி ஓடும்போது இன்ஜின் அழகாக ஓடும். முழு வேகத்தில் மிதித்தாலும் பறக்கும். ஆனால் 40, 50 மைல் வேகத்தில், ஓவர்டிரைவில் (உச்ச கியரில்), ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துப் பாலம் ஏறும்போது, சாலையோர வரிப்பள்ளத்தில் சக்கரம் ஏறியது போல ஒரு நடுக்கம் வரும். ஒன்றிரண்டு நொடி. காலை எடுத்தால் போய்விடும். இன்ஜின் விளக்கும் எரியாது.

என் வண்டியிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸின் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) போய்விட்டது, மொத்தமாக இறக்க வேண்டும் என்றார்கள். அந்த முடிவுக்கு வருவது எளிது, ஏனென்றால் டார்க் கன்வெர்ட்டர் நடுக்கமும் இதே வேகத்தில், இதே கியரில்தான் வரும். நான் பணத்தைக் கொடுக்கும் முன் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் கோளாறு 4ஆம் சிலிண்டரில் முன்பு யாரோ போட்டிருந்த ஒரு மலிவான காயில் (ப்ளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் பாகம், சிலிண்டருக்கு ஒன்று), அதோடு முனையில் இடைவெளி அகன்றுபோன எட்டு ப்ளக்குகள்.

ஏன் இந்த வேகத்தில் மட்டும்? ஓவர்டிரைவில் கன்வெர்ட்டர் பூட்டிக்கொண்டதும் இன்ஜின் சுழற்சி மிகவும் குறைந்துவிடும், ஆனால் ஏற்றத்தில் சுமை கூடும். சிலிண்டருக்குள் காற்று நிறையப் புகுந்து நன்றாக அமுங்கும். அழுத்தம் கூடக் கூட, ப்ளக் முனையில் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். ப்ளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் அந்தத் தேவை இன்னும் ஏறும். காயில் அந்த அளவுக்குத் தராது, தந்தாலும் மின்சாரம் காயிலையும் ப்ளக்கையும் இணைக்கும் ரப்பர் உறையான பூட்டின் (boot) ஓரமாகக் கசிந்து ஹெட்டுக்குள் இறங்கிவிடும். மிஸ் ஆகிற எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கணினி விளக்கைப் போடும். இந்த நடுக்கம் அந்த வரம்புக்குக் கீழேயே மாதக்கணக்கில் ஒளிந்துகொள்ளும்.

ஓவர்டிரைவ் பொத்தானை அணைத்து ஓட்டிப் பார், நடுக்கம் போனால் கியர்பாக்ஸ்தான் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். கியர் இறங்கினால் சுழற்சி ஏறும், சுமை இறங்கும், மிஸ் ஃபயரும் சேர்ந்தே மறையும். அந்தச் சோதனையால் இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டுவது மிஸ் ஃபயர் எண்ணிக்கைதான். மோட் 6 (கணினி சேமித்து வைக்கும் சோதனை முடிவுகள்) படிக்கத் தெரிந்த ஸ்கேனர், அல்லது ஃபோர்டு வண்டிகளுக்கென்றே இருக்கும் ஃபோர்ஸ்கேன் செயலி, எந்த சிலிண்டரில் எத்தனை முறை மிஸ் ஆனது என்று கணக்குக் காட்டும். நடுக்கம் வரும் பாலத்தில் நான்கு முறை ஏறி இறங்கிவிட்டுப் பாருங்கள். ஏழு சிலிண்டரில் பூஜ்யமும் ஒன்றில் மட்டும் பெரிய எண்ணும் இருந்தால் கியர்பாக்ஸை விட்டுவிடலாம். எட்டிலும் பூஜ்யம், ஆனாலும் நடுங்குகிறது என்றால் கியர்பாக்ஸ் ஆயிலைப் பார்க்க வேண்டிய நேரம்.

அடுத்து காயிலை இடம் மாற்றிப் பாருங்கள். 4ஆம் சிலிண்டரில் எண்ணிக்கை ஏறியிருந்தால், அதன் காயிலைக் கழற்றி 2இல் போட்டு, 2இன் காயிலை 4இல் போடுங்கள். ஒவ்வொரு காயிலையும் ஒரே ஒரு 7 மில்லிமீட்டர் போல்ட்தான் பிடித்திருக்கும். மறுபடி அதே பாலம். எண்ணிக்கை 2க்கு மாறினால் காயில் கெட்டது, ப்ளக்கைத் தொடாமலே வேலை முடிந்தது. 4இலேயே நின்றால் ப்ளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்ற வரிசையில் தேட வேண்டும். இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றும் இல்லை. இதைச் செய்யாமல் எட்டு காயில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அறிகுறி: இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது

விளக்கு நிலையாக எரிந்தால் வீடு போய்ப் பார்க்கலாம். மின்னினால் கடுமையான மிஸ் ஃபயர் என்று பொருள். எரியாத பெட்ரோல் நேராகப் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அது சூடேறி உள்ளே உருகிவிட்டால் செலவு ப்ளக்கைப் போலப் பல மடங்கு. காலைத் தளர்த்தி, அடுத்த வெளிவழியில் இறங்கி நிறுத்துங்கள். கோடு எந்த சிலிண்டர் என்று சொல்கிறதோ அதிலிருந்து மேலே சொன்ன காயில் சோதனையைத் தொடங்கலாம்.

அறிகுறி: மழை பெய்த மறுநாள், அல்லது இன்ஜினைக் கழுவிய பிறகு துடிக்கிறது

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் கரடுமுரடாக ஓடி, சூடானதும் சரியாகிவிடும். பி0316 என்ற கோடும் வரலாம். ஸ்டார்ட் ஆன முதல் ஆயிரம் சுற்றுக்குள் மிஸ் கண்டுபிடித்தேன் என்று கணினி சொல்வது அது.

இதற்குப் பெரும்பாலும் காரணம் ப்ளக் குழிக்குள் நின்ற தண்ணீர். காயிலை மேலே இழுத்து ரப்பர் பூட்டைப் பாருங்கள். ஈரம், துரு, அல்லது பூட்டின் உட்புறத்தில் பென்சில் கோடு போல ஒரு தடம் இருக்கிறதா? அந்தக் கோடு வழியாகத்தான் மின்சாரம் கசிகிறது. குழியைக் காற்று அடித்துக் காயவைத்து, பூட்டை மாற்றி, உள்ளே கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) தடவி மாட்டினால் பல வண்டிகள் சரியாகிவிடும். ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே கோடு இருந்தால் புது பூட் மட்டும் போதாது. கோடு விழுந்த பீங்கான் புது பூட்டையும் கெடுத்துவிடும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். உயர் அழுத்தத் தண்ணீரில் இன்ஜினைக் கழுவுகிற பழக்கத்தை இந்த வண்டியில் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: டிக் டிக் என்று சத்தம்

ப்ளக்கைக் குறை சொல்லும் முன் சத்தம் எப்போது வருகிறது என்று கேளுங்கள். குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் குறைந்தால், பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடிக்கும் ஸ்டட் துருப்பிடித்து உடைந்திருக்கும், குறிப்பாகப் பின்பக்கத்தில். இதற்கு நேர் மாறாக, நன்றாகச் சூடான பிறகு சிக்னலில் நிற்கும்போது டீசல் வண்டி போலக் கடகடத்தால், இந்த இன்ஜினுக்கே உரிய கேம் ஃபேஸர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் அழுத்தம் குறைவதோடு அதற்குத் தொடர்பு உண்டு. இந்த இரண்டுக்கும் ப்ளக் மாற்றுவதால் ஒரு பலனும் இல்லை. சத்தத்துக்காக ப்ளக்கைக் கழற்றப்போய் அதை உடைத்துக்கொள்வது போன்ற வருத்தம் வேறில்லை.

அறிகுறி: டப் என்று வெடிச் சத்தம், அதன் பிறகு சக் சக் என்று காற்று அடிக்கிறது

இது 1997 முதல் 2003 வரையான இரண்டு வால்வு ட்ரைட்டனின் நோய். அந்த ஹெட்டுகள் பலவற்றில் ப்ளக்கைப் பிடிக்க ஏறக்குறைய நான்கு மரைதான் உண்டு. அலுமினிய மரை தளர்ந்தால் ப்ளக் காயிலோடு சேர்ந்து மேலே தெறித்துவிடும். வண்டியை உடனே நிறுத்துங்கள். ஹெட்டைக் கழற்றாமலே குழியைக் கடைந்து டைம்-சர்ட் போன்ற முழு மரைச் செருகு போட்டுச் சரிசெய்யலாம், அந்தப் பழுது நிற்கும். சுருள் கம்பி வகைச் செருகு இங்கே தாங்காது என்பது என் கருத்து. மூன்று வால்வு இன்ஜினில் ப்ளக் தெறிக்காது. அது வெளியே வர மறுக்கும்.

அறிகுறி: எதுவும் தெளிவாக இல்லை, ஆனால் இழுவையும் மைலேஜும் குறைந்திருக்கிறது

தேய்ந்த ப்ளக் மெதுவாகக் கெடும், நாமும் மெதுவாகப் பழகிவிடுவோம். ஆனால் இந்த ஒரு அறிகுறிக்காக ப்ளக்கைத் தொட வேண்டாம். ஏர் ஃபில்டர், டயர் காற்று, ஆக்ஸிஜன் சென்சார் மூன்றையும் முதலில் பாருங்கள். ஃபோர்டு கொடுத்த ப்ளக் கெடு 1,00,000 மைல். பழைய ரசீது கையில் இல்லாமல் அந்தக் கெடுவைத் தாண்டியிருந்தால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு நல்ல நாளாகப் பார்த்து மாற்றிவிடுங்கள். நான் இனி 60,000 மைலிலேயே மாற்றுவதாக இருக்கிறேன். சீக்கிரம் கழற்றினால் கரி குறைவாக இருக்கும், உடையும் வாய்ப்பும் குறையும்.

ப்ளக்தான் என்று முடிவானால்

உடைவதற்குக் காரணம் புரிந்தால் கை தானாக நிதானமாகும். சாதாரண ப்ளக்கில் மரை முடிகிற இடத்தோடு உலோக உடலும் முடிந்துவிடும். இந்த ப்ளக்கில் மரைக்குக் கீழே விரல் கணு நீளத்துக்கு ஒரு மெல்லிய உலோகக் குழல் நீண்டு, எரியறைக்குள் எட்டிப் பார்க்கும். குழலும் மேல் உடலும் இரண்டு தனித் துண்டுகள், மடித்து இணைத்தவை. குழலுக்கும் ஹெட்டின் துளைக்கும் நடுவே இருக்கும் சிறு இடுக்கில் பல வருடக் கரி சிமென்ட் போலப் படிந்திருக்கும். நாம் மேலே திருகும்போது மரை வரும், கரி குழலை விடாது, இணைப்பு பிரிந்துவிடும். ஆக, நாம் ஜெயிக்க வேண்டியது கரியை. கரிக்குப் பலம் வேலைக்கு ஆகாது, ஊறவைத்தால்தான் இளகும்.

இந்தப் பிரச்சினைக்காகவே ஃபோர்டு தன் பட்டறைகளுக்கு 08-7-6 என்ற எண்ணில் ஒரு தொழில்நுட்பக் குறிப்பு அனுப்பியது. கீழே சொல்வது அதன் சாரமும் என் கைப்பழக்கமும்.

வேலையை மாலையில் தொடங்காதீர்கள். வண்டி இரவு முழுக்க நின்று இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் எளிது என்று சொல்கிற அனுபவசாலிகளும் உண்டு. ஆனால் சூடான அலுமினிய ஹெட்டில் மரை பிய்ந்தால் ப்ளக் உடைந்ததைவிடப் பெரிய செலவு. குறிப்பும் குளிர்ந்த இன்ஜின் என்றே சொல்கிறது, நானும் அதைத்தான் கேட்டேன்.

வேண்டியவை: 9/16 அங்குல மெல்லிய சுவர் ப்ளக் சாக்கெட், நீளமும் குட்டையுமாக இரண்டு எக்ஸ்டென்ஷன், ஒரு ஸ்விவல் (வளைந்து திரும்பும் இணைப்பு), இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், கார்புரேட்டர் கிளீனர், நிக்கல் ஆன்டி-சீஸ் (உலோகம் ஒட்டிப் பிடிக்காமல் தடவும் பசை), டைஎலக்ட்ரிக் கிரீஸ், காற்றடிக்கும் கம்ப்ரஸர். இம்பாக்ட் துப்பாக்கி இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். அப்புறம், உடைந்த ப்ளக்கை எடுக்கும் லைல் 65600 கருவியை எங்கே இரவல் வாங்கலாம் என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள். ஞாயிறு மாலையில் தேடி அலையக்கூடாது.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். காயில் கனெக்டர்கள் இத்தனை வருடச் சூட்டில் பொடிப்பொடியாக உடையும் பதத்தில் இருக்கும், கனெக்டரின் கொக்கியை அழுத்திவிட்டு மெதுவாக ஆட்டி எடுங்கள். காயிலை நேராக இழுக்காமல் கொஞ்சம் திருகி இழுத்தால் பூட் கிழியாது. எட்டு காயிலுக்கும் எண் எழுதி வையுங்கள். பிறகு ஒவ்வொரு குழியையும் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. அங்கே கிடக்கும் மணல் சிலிண்டருக்குள் விழக்கூடாது. பின்பக்கத்து 4, 8 இரண்டும் ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள சுவர்) ஒட்டி இருக்கும், ஸ்விவல் அங்கேதான் தேவைப்படும்.

இப்போது முக்கியமான இடம். ஒவ்வொரு ப்ளக்கையும் எட்டில் ஒரு பங்கு சுற்று, அதிகபட்சம் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அதற்கு மேல் வேண்டாம். குழிக்குள் கார்புரேட்டர் கிளீனரை ப்ளக்கின் ஆறுமுகப் பகுதி மூழ்கும் அளவுக்கு விடுங்கள், அரை முதல் முக்கால் டீஸ்பூன் போதும். அது மரை வழியாக இறங்கிக் கரியை நனைக்கும். குறைந்தது 15 நிமிடம் காத்திருங்கள். நான் ஒரு மணி நேரம் விட்டேன், நேரம் இருந்தால் அதற்கு மேலும் விடலாம். அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். சிலிண்டருக்குள் திரவம் தேங்கினால் ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கிளீனர் எளிதில் தீப்பிடிக்கும். கேரேஜ் கதவு திறந்திருக்கட்டும், வாட்டர் ஹீட்டர் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம்.

ஊறியதும் முதலில் இறுக்குங்கள், பிறகு தளர்த்துங்கள். முன்னும் பின்னும் அரை அரைச் சுற்றாக, சப்பாத்தி மாவு பிசைகிற நிதானத்தில். இந்தக் கட்டத்தில் கை சொல்வதையும் காது கேட்பதையும் கவனிக்க வேண்டும்.

கழற்றும்போது கீச் என்று சத்தம் வந்தால், அல்லது சுற்றச் சுற்ற இறுகிக்கொண்டே போனால், நிறுத்துங்கள். ப்ளக் முதலில் இளகிக்கொடுத்த பிறகும் 33 பவுண்டு-அடிக்கு மேல் பலம் கேட்டால் கரி இன்னும் பிடித்திருக்கிறது. ப்ளக்கை மறுபடி உள்ளே இறுக்கி, இன்னும் கொஞ்சம் கிளீனர் விட்டு, காத்திருந்து, மறுபடி முன்னும் பின்னும். இதை மூன்று நான்கு முறைகூடச் செய்ய வேண்டி வரலாம். என்னுடைய எட்டில் ஏழு இப்படி முழுதாக வந்தன. எட்டாவதில் கீச் சத்தம் கேட்டும், இருட்டுகிறதே என்று நான் தொடர்ந்து சுற்றினேன். அது பிரிந்தது. அந்த ஒன்றுக்காக மறுநாள் முழுக்கப் போனது.

திடீரென்று ப்ளக் லேசாகச் சுற்றினால் சந்தோஷப்படாதீர்கள், வெளியே எடுத்து நீளம் பாருங்கள். மரையோடு நின்றுவிட்டால் குழல் உள்ளே இருக்கிறது என்று பொருள். பயப்பட வேண்டாம், குழல் துளையில் கரியால் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். ஸ்டார்ட்டரை மட்டும் தொடாதீர்கள். மற்ற ப்ளக்குகளை முடித்துவிட்டு கடைசியாக இதற்கு வாருங்கள். லைல் கருவியில் முதலில் ஒரு தள்ளுகம்பி வரும், அது குழலுக்குள் நிற்கும் பீங்கானைக் கொஞ்சம் கீழே நகர்த்தி இடம் கொடுக்கும். பிறகு மரை வெட்டும் கம்பியில் கிரீஸ் தடவிக் குழலுக்குள் மெதுவாகச் சுற்றினால் அது குழலைப் பற்றிக்கொள்ளும். மேலே நட்டை இறுக்கினால் குழல் நேராக எழும்பி வரும். பீங்கான் நொறுங்கியிருந்தால் மெல்லிய குழாய் மாட்டிய வேக்குவமால் துகளை உறிஞ்சி எடுங்கள். வந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து ஒரு முழு ப்ளக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது குறைந்தால் போர்ஸ்கோப் கேமரா இறக்கிப் பார்க்காமல் மூடக்கூடாது. இது கைக்கு வராது என்று தோன்றினால் அந்த ஒரு சிலிண்டருக்காக வண்டியை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போவதில் தவறே இல்லை.

வந்த ப்ளக்கைப் படியுங்கள்

எட்டையும் சிலிண்டர் வரிசைப்படி ஒரு அட்டையில் அடுக்குங்கள். வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் எரிதல் சரி. முனை உருண்டு தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். உலர்ந்த கருப்புப் புகைக்கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது அந்த சிலிண்டரில் பொறி சரியாக விழவில்லை. பிசுபிசுவென்று ஆயில் பூசியிருந்தால் ப்ளக் குற்றவாளி இல்லை, வால்வு சீலோ ரிங்கோ தேய்ந்திருக்கும். வெளுத்துக் கொப்புளம் விட்டிருந்தால் அளவுக்கு மேல் சூடு. ஒரே ஒரு ப்ளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் கூலண்ட் போகிறதா என்று பார்க்க வேண்டும். பீங்கானில் உலோகம் தொடும் இடத்துக்கு மேல் பழுப்பு வளையம் தெரிந்தால் அது உயர் வோல்டேஜால் வரும் வெறும் கரோனா கறை, பொருட்படுத்த வேண்டாம்.

புது ப்ளக் போடும்போது

அசல் மோட்டார்கிராஃப்ட் ப்ளக் எஸ்பி-515 என்ற எண்ணில் வந்தது. அதுவும் இரண்டு துண்டுதான். சாம்பியன் 7989 போன்றவை இதே துளைக்கென்று ஒரே துண்டாகச் செய்தவை. அடுத்த முறை கழற்றப்போவதும் நான்தான் என்பதால் ஒரே துண்டு வகையைப் போட்டேன். அசல்தான் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, 60,000 மைலில் கழற்றுவதாக இருந்தால் அதுவும் ஓடும்.

நிக்கல் ஆன்டி-சீஸை அந்த நீண்ட குழலின் வெளிப்புறத்தில் மட்டும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். முனையில் படக்கூடாது, மரையிலும் வேண்டாம். மரையில் தடவினால் வழுக்கி, டார்க் ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகம் இறுகிவிடும். கையால் எக்ஸ்டென்ஷனைப் பிடித்துச் சுற்றியே மரையைப் பிடிக்க வையுங்கள். கையால் போகவில்லை என்றால் கோணல், எடுத்து மறுபடி தொடங்குங்கள். இறுதி இறுக்கம் 25 பவுண்டு-அடி, அதாவது 34 நியூட்டன் மீட்டர். பூட்டுக்குள் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி, காயிலை அதன் எண்ணுள்ள குழியிலேயே மாட்டி, கனெக்டர் டக் என்று பூட்டும்வரை அழுத்துங்கள்.

கிளீனர் நிறைய உள்ளே போயிருக்கும் என்று தோன்றினால், புது ப்ளக் போடும் முன் காயில் கனெக்டர் எல்லாவற்றையும் கழற்றிய நிலையிலேயே, ஃப்யூவல் பம்ப் ரிலேயை எடுத்துவிட்டு, பேட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரைச் சில நொடி சுற்றுங்கள். தேங்கியது குழி வழியாகத் தெறித்துவிடும். குழிகள் மேல் துணி போட்டு, முகத்தைத் தள்ளி வையுங்கள். உடைந்த துண்டு எதுவும் உள்ளே இல்லை என்று உறுதியான பிறகுதான் இது.

மாற்றிய பிறகும் உதறுகிறதா

முதல் ஸ்டார்ட்டில் ஒன்றிரண்டு நிமிடம் வெள்ளைப் புகையும் கிளீனர் வாசனையும் வரும், மிச்சம் எரிந்ததும் நின்றுவிடும். அதற்குப் பிறகும் புதிதாக ஒரு சிலிண்டரில் மிஸ் வந்தால், தொண்ணூறு சதவீதம் நம் கைவேலை என்றே நினைத்து அந்தக் குழிக்குத் திரும்புங்கள்: கனெக்டர் முழுதாகப் பூட்டவில்லை, பூட்டுக்குள் ஸ்பிரிங் நழுவிவிட்டது, அல்லது பீங்கானில் விரிசல். ப்ளக் கீழே விழுந்திருந்தால் வெளியே தெரியாமலே உள்ளே விரிசல் விட்டிருக்கும். விழுந்த ப்ளக்கைப் போடாதீர்கள்.

மிஸ் பழைய சிலிண்டரிலேயே நின்றால் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் அளக்க வேண்டும். பி0171, பி0174 இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டு பக்கமும் பெட்ரோல் குறைவாகப் போகிறது அல்லது எங்கோ காற்று உறிஞ்சுகிறது. வேக்குவம் குழாய்களையும் காற்று அளக்கும் சென்சாரையும் பாருங்கள், காயில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

எல்லாம் சரியென்றால் கோடுகளை அழித்துவிட்டு, அதே பாலத்தில் அதே 45 மைல் வேகத்தில் ஏறுங்கள். வீடு வந்ததும் எட்டு சிலிண்டரின் எண்ணிக்கையையும் மறுபடி பாருங்கள். என் வண்டியில் எட்டும் பூஜ்யம் காட்டிய அன்று, தேதி, மைல், ப்ளக்கின் எண், எந்தெந்தக் குழியில் புது காயில் என்று ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி பானட்டின் உட்புறம் ஒட்டினேன். இந்த வண்டியை என்னிடமிருந்து வாங்குபவர் ப்ளக் எப்போது மாற்றியது என்று கேட்க வேண்டியிருக்காது.